குடித்துக் கெட்ட கல்லீரலுக்கும் அரசுக் காப்பீடா?

ஆற்றங்கரை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

என் தங்கைக்கு 34 வயது. மதுவை அவள் கண்ணால் பார்த்ததோடு சரி. அவளுடைய உடலின் எதிர்ப்புச் சக்தியே அவள் கல்லீரலைப் பகையாக எண்ணி அழித்துக்கொண்டிருக்கிறது. ஆறு ஆண்டுகள் மாத்திரையில் ஓட்டினோம். இனி மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். அவள் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருப்பதால்தான் அறுவை சிகிச்சை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்காகப் பதிவு செய்துவிட்டு ஏழு மாதமாகத் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

வெளிநோயாளர் பிரிவில் எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தம்பதி உட்கார்ந்திருப்பார்கள். அந்த மனிதருக்கு 45 வயது இருக்கும். இருபது ஆண்டுகள் குடித்ததாக அவர் மனைவியே என்னிடம் சொன்னார். அவருக்கும் தங்கைக்கும் ஒரே ரத்த வகை, பி பாசிட்டிவ். பதிவு செய்ததும் எங்களுக்குப் பிறகுதான். போன மாதம் அவருக்குக் கல்லீரல் கிடைத்துவிட்டது. அந்த அம்மா என் கையில் திருநீறு வைத்து, "உங்கள் தங்கைக்கும் சீக்கிரம் வந்துவிடும் டீச்சர்" என்றார். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். அது துக்கமா ஆத்திரமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மனத்தில் இருப்பதை மறைக்காமல் கேட்கிறேன். தானாக வந்த நோய்க்கும், தானாக வரவழைத்துக்கொண்ட நோய்க்கும் அரசுப் பணத்தில் ஒரே வரிசைதானா? என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, நினைப்பதைச் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

டீச்சர், உங்களை யார் திட்டுவது? நியாயமான கேள்வி. பலர் மனத்துக்குள் வைத்திருப்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

நான் கோவையில் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அரசின் பணப்பை ஒன்றுதான். ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் குறையும். தனியார் காப்பீட்டில் இது ஏற்கெனவே முடிந்துபோன விவகாரம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக்கொடுத்த பொது விலக்குகளிலேயே, அதாவது காப்பீட்டில் பணம் கிடைக்காதவற்றின் பட்டியலிலேயே, 12ஆவதாக இருக்கிறது: மதுப்பழக்கம், போதைப் பழக்கம், அவற்றால் வரும் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், புகையிலை பயன்படுத்துவோரிடம் 50 சதவீதம் வரை கூடுதல் பிரீமியம் வாங்க அனுமதிக்கிறது. அங்கே யாரும் இதைக் கொடுமை என்று ஒதுக்கிவிடவில்லை, சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள்.

என் அப்பா ஃபவுண்டரியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். உலைச்சூட்டில் நின்றவர். உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் சம்பள நாளில் கடைக்குப் போனபோது அவர் நேராக வீட்டுக்கு வந்தார். அந்தக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பே இல்லையா? சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே கெடுத்துக்கொண்டவர் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். உறுப்பு போன்ற அரிய பொருளில், கெடுத்துக்கொள்ளாதவருக்கே முதல் உரிமை.

---

இரவுப்பணி

அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டுகளாகச் செவிலியர். பெரும்பாலும் ஆண்கள் பொது வார்டு. கணக்குப்பிள்ளை அண்ணா சொல்லும் விதி நடைமுறைக்கு வந்தால் வார்டில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒருவரை வாந்தி, வயிற்று வலி என்று கொண்டுவந்தார்கள். கேஸ் ஷீட் எழுதும்போது "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற மனைவி முந்திக்கொண்டு, "பொங்கல் தீபாவளிக்கு எப்போதாவது" என்றார். அதையே எழுதினோம். அசதியாக இருந்தார், குளுகோஸ் ஏற்றினோம். மூன்றாம் நாள் இரவு டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இரண்டு கைகளாலும் வழித்து வழித்துப் போட்டார். சுவரில் ஒன்றும் இல்லை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வரும் சித்தப்பிரமை அது. அப்படிப்பட்டவருக்குக் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்பு தயமின் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் மூளையில் நிரந்தரமான சேதம் வரலாம். ஒரு பி1 வைட்டமின் ஊசி, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் வந்தவுடனே போட்டிருப்போம்.

அவர் பிழைத்தார். ஆனால் நினைவு சரியாகத் திரும்பவில்லை. மகளின் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரைத் தயங்காமல் சொல்வார். மனைவி என்னிடம் பிறகு சொன்னார்: "குடித்த கேஸுக்கு அட்டை செல்லாது என்று ஊரில் சொன்னார்கள் சிஸ்டர், அதனால்தான்."

அப்படி ஒரு விதி இல்லவே இல்லை. வெறும் வதந்தி. வதந்திக்கே இவ்வளவு விலை என்றால், உண்மையாகவே விதி போட்டுவிட்டால் எத்தனை பேர் பொய் சொல்லிக்கொண்டு வந்து படுப்பார்கள்? பொய்யான கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது. குற்றம் விசாரிக்கும் இடமாக அட்மிஷன் மேசையை மாற்றாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டீச்சர், உங்கள் தங்கையை நினைத்தால் மனம் கனக்கிறது. அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

---

காசிமேடு மகள்

> தெரிந்தே கெடுத்துக்கொண்டவர் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும்.

ஏற்றுவிட்டார்களே ஐயா. முன்பணமாகவே கட்டிவிட்டார்கள்.

2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 48,344 கோடி. இந்தப் பணம் வானத்திலிருந்து விழுந்ததா? என் அப்பா மாதிரி ஆயிரமாயிரம் பேரின் மடியிலிருந்து வந்தது. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை, பதினொரு மணிக்குக் கூலி. பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா வந்து கூலியைப் பிடுங்கினால் எங்களுக்குச் சோறு. பிடுங்கத் தவறினால் கடைக்கு. பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார், மகளைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சப்படுவார் என்று. ஐஸ் தண்ணீர் சொட்டும் சட்டையோடு அவர் வருவதும், என்னைக் கண்டதும் சட்டைப் பைக்குக் கை போவதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அவர் 49 வயதில் போய்விட்டார். வயிற்றில் நீர் கோத்து, வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். மாற்று அறுவை சிகிச்சை என்ற சொல்லே எங்கள் காதுக்கு எட்டவில்லை.

கடையும் அரசினுடையது, கட்டிலும் அரசினுடையது. கடையில் வாங்கும்போது "உனக்கு இது ஆகாது, போ" என்று திருப்பி அனுப்பாதவர்கள், கட்டிலுக்கு வரும்போது மட்டும் "நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்று சொல்லலாமா? அதற்கு எந்த வாய் இருக்கிறது?

---

கணக்குப்பிள்ளை

அம்மா, உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். வார்த்தையில் குத்தல் இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதே துறைமுகத்தில், அதே ஐஸ் பெட்டியைச் சுமந்து, அதே கடையைக் கடந்து வீட்டுக்குப் போனவர்களும் இருந்தார்களே? கடை திறந்திருப்பது ஒரு காரணம் என்றால், உள்ளே நுழைவதும் ஒரு காரணம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அப்போதும் நான் குழம்பினேன். குழந்தைகளுக்குக் கொடுத்தது சரி. வயல் வேலையில் மின்னல் தாக்கி இறந்தவரின் குழந்தைக்கு ஏன் அந்தத் தொகை கிடைப்பதில்லை? பொறுப்பு என்பதை முழுவதுமாகத் துடைத்துவிட்டால், பொறுப்போடு வாழ்ந்தவனுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

---

காசிமேடு மகள்

மின்னல் தாக்கியவரின் குழந்தைக்கும் கொடுங்கள் என்று கேளுங்கள். நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். இவர்களுக்குக் கொடுக்காதே என்று ஏன் கேட்கிறீர்கள்?

கருணாபுரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கடைச் சரக்கைவிட மலிவு என்றுதான் அந்தப் பாக்கெட்டை வாங்கினார்கள். உடல் வலியோடு வேலை செய்துவிட்டு, அதே வலியோடு மறுநாளும் எழ வேண்டியவர்கள். எல்லாரும் குடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் அதிகம் பேர் குடிக்கிறார்கள், எந்தத் தெருவில் குறைவு என்று பாருங்கள். மனவலிமை தெருவுக்குத் தெரு மாறிப் பிறக்கிறதா?

---

நெடுஞ்சாலை

108 ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். சுருக்கமாக ஒன்று. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாரா என்றும் கேட்பதில்லை. ஹெல்மெட் போடாததற்குப் போலீஸ் அபராதம் போடும், அது வேறு இடம், வேறு வேலை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரிடம் அந்தக் கேள்வி இல்லாததால்தான் எங்களால் நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது.

---

ஈஸ்ட்ஹாம் தம்பி

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தச் சண்டை பழையது.

என்.எச்.எஸ். என்னும் இந்நாட்டு அரசு மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. காசு கொடுக்காமல் எல்லாருக்கும் மருத்துவம். அன்றிலிருந்தே "யாருடைய காசில் யாருக்கு?" என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. 2002இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்கு இங்கே கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் மாற்றினார்கள். குடியால் கெட்ட கல்லீரல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் மறுபடியும் குடித்தார், அது பத்திரிகைகளில் வந்தது. 2005 நவம்பரில் இறந்தார். டீச்சர் கேட்கும் அதே கேள்வியை அன்று நாடே கேட்டது. இன்றும் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. ஒரே ஒருவரின் பெயர். மாற்றுக் கல்லீரலோடு குடிக்காமல் பிள்ளை குட்டிகளை வளர்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

2016இல் யார்க் பக்கத்தில் உள்ள என்.எச்.எஸ். நிர்வாகக் குழு ஒன்று, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்பருமன் குறியீடு (பி.எம்.ஐ.) 30க்கு மேல் இருப்பவர்களின் அவசரமில்லாத அறுவை சிகிச்சையை ஓராண்டு வரையிலும், புகைப்பவர்களுடையதை ஆறு மாதம் வரையிலும் தள்ளிப்போடலாம் என்று திட்டம் போட்டது. அவர்கள் கையில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது, அதுதான் உண்மையான காரணம். அறுவை மருத்துவர்களே எதிர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள்: மூட்டு தேய்ந்தவரால் நடக்க முடியாது. நடக்க முடியாதவருக்கு எடை குறைவது கடினம். எடை குறைந்தால்தான் மூட்டு மாற்றுவோம் என்றால் அவர் எங்கே போவார்?

கணக்குப்பிள்ளை அண்ணா கணக்குக் கேட்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 20 வயதிலிருந்து சாகும்வரை ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவைக் கணக்கிட்டார்கள். ஆரோக்கியமாக வாழ்ந்தவருக்கு சுமார் 2,81,000 யூரோ. உடல் பருத்தவருக்கு 2,50,000. புகைத்தவருக்கு 2,20,000. ஆரோக்கியமானவர் நீண்ட காலம் வாழ்கிறார், முதுமையின் நோய்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறார், அதனால் செலவு அதிகம். அது ஐரோப்பியக் கணக்கு, நம்மூருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "அவர்கள் நம் பணத்தைத் தின்கிறார்கள்" என்பது நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவான உண்மை இல்லை.

---

பழைய ஸ்டெதஸ்கோப்

அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல்லீரலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சர்க்கரை நோயைப் பார்ப்போம். அதைத்தானே நாம் வாழ்க்கைமுறை நோய் என்கிறோம்? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் நம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவே இருக்கிறது என்பதைப் புணேயில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் காட்டின. தாய் வயிற்றில் பட்டினி கண்ட குழந்தையின் உடல், கிடைப்பதைச் சேமிக்கப் பழகிவிடுகிறது. வளர்ந்த பிறகு வயிறு நிறையச் சோறு கிடைத்தால் அதே உடல் நோயில் விழுகிறது. அந்தச் சோறு எது? 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். பட்டினியை ஒழித்த திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். கூடவே மலிவு விலையில் பாமாயில், சர்க்கரை. காய்கறிக்கும் பழத்துக்கும் முட்டைக்கும் கைக்காசு. இதில் எது அந்தக் குடும்பத்தின் 'தேர்வு' என்று எனக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார், கால் வீங்கியிருக்கிறது என்று. ரப்பர் செருப்பைக் கழற்றச் சொன்னேன். செருப்பு கழலவில்லை. சென்ட்ரிங் பலகையின் ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியிருந்தது. இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறார். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சியே இல்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் பீடியும் குடிப்பார். இந்த மனிதரின் காலுக்கு ஆகும் செலவில் எத்தனை சதவீதம் பீடி, எத்தனை சதவீதம் பிறப்பு, எத்தனை சதவீதம் வேலை? கணக்குப்பிள்ளை தம்பி, உங்கள் தணிக்கையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? நான் எழுத முயன்றதில்லை. ஆணியை எடுத்தேன், சீழை வடித்தேன், இரண்டு விரல்களை இழந்து காலைக் காப்பாற்றினார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனார்கள். நோயாளி எப்படி நோயாளியானார் என்று விசாரித்துக்கொண்டா மாத்திரை கொடுக்கிறார்கள்? அப்படி விசாரித்தால் கதவைத் திறக்கவே மாட்டார்கள்.

இனி டீச்சரின் கேள்வி. அம்மா, நீங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். ஒன்று பணம், இன்னொன்று உறுப்பு. பணத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், கடன் வாங்கலாம். ஒரு மூளைச்சாவில் கிடைக்கும் கல்லீரலை அப்படிப் பெருக்க முடியாது. அங்கே யாருக்கு என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அந்தத் தீர்மானத்தில் குடிப்பழக்கத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பது என்ற வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. அதன் நியாயம் தண்டனை அன்று. கொடுத்த உறுப்பு நிலைக்குமா என்பதுதான் கேள்வி. பிறகு 2011இல் பிரான்சு, பெல்ஜியம் மருத்துவர்கள், மதுவால் கல்லீரல் கடுமையாக அழன்று, மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிகளில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, காத்திருக்க விடாமல் மாற்று அறுவை செய்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறுவை செய்யாத அதே நிலை நோயாளிகளில் 23 சதவீதம்தான். ஆறு மாதம் காத்திரு என்பது அவர்களுக்குச் செத்துப் போ என்று சொல்வதாகவே இருந்திருக்கிறது.

உங்களுக்கு முன்னால் அந்த மனிதருக்குக் கிடைத்தது அவர் நல்லவர் என்றோ உங்கள் தங்கை தாழ்ந்தவர் என்றோ அல்ல. ரத்த வகை மட்டும் போதாது. கொடையாளரின் உடல் அளவு, கல்லீரலின் பருமன், அன்றைக்கு யார் சாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பது எல்லாம் சேர்கின்றன. ஒரு பெரிய ஆணின் கல்லீரல் மெலிந்த பெண்ணின் வயிற்றுக்குள் அடங்காமல் போகலாம். உங்கள் மருத்துவர்களிடம் நேரில் கேளுங்கள், சொல்வார்கள்.

ஒன்று கேட்கலாமா? குடும்பத்தில் யாராவது கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்க முடியுமா என்று பார்த்தீர்களா? உடன்பிறந்தவர் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

---

ஆற்றங்கரை டீச்சர்

ஐயா, இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பார்த்தோம். நானே போனேன். எனக்கு ஓ பாசிட்டிவ், பொருந்தும் என்றார்கள். வீட்டுக்காரரும் சம்மதித்தார். ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம், கொடுக்கத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 41 வயது, 79 கிலோ. காலையில் பள்ளி பஸ், நாள் முழுக்க வகுப்பு, மாலையில் விடைத்தாள், இரவு பத்து மணிக்குச் சோறு. ஆசிரியர் அறையில் தினமும் இரண்டு முறை டீ, கூடவே பஜ்ஜி. நடை என்பது வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை.

மதுவைத் தொடாத கல்லீரல் என்ற பெருமையோடு போய்ப் படுத்தேன். ஸ்கேன் எடுத்த பெண், "மேடம், எடையைக் கொஞ்சம் கவனித்திருக்கலாமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அது உள்ளே போய்த் தைத்தது. தங்கைக்குக் கொடுக்க இருந்த ஒரு பொருளை நானே கெடுத்து வைத்திருக்கிறேன் என்று அன்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் அந்த மனிதருக்குக் கல்லீரல் கிடைத்த செய்தி வந்தது. என் ஆத்திரம் முழுவதும் அவர்மேல் இறங்கியது. இப்போது நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு, அந்த ஆத்திரத்தில் எவ்வளவு அவர் பங்கு, எவ்வளவு என் பங்கு என்று தெரியவில்லை.

ஆத்திரம் போய்விட்டது என்று சொன்னால் பொய். தங்கை மெலிந்துகொண்டே போகிறாள். அவள் கண் மஞ்சளைப் பார்க்கும்போது வரிசை, நியாயம், புள்ளிவிவரம் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. ஆனால் "தானாக வரவழைத்துக்கொண்டவர்" என்ற சொல்லை இனி என்னால் அவ்வளவு எளிதாக எழுத முடியாது. நாளை எனக்கே கல்லீரல் கெட்டால், என் கேஸ் ஷீட்டில் யாராவது பஜ்ஜி என்று எழுதுவார்களோ?

---

பழைய ஸ்டெதஸ்கோப்

அம்மா, நீங்கள் எதையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடவில்லை. தழும்பு விழாத கொழுப்புக் கல்லீரல் திரும்பக்கூடியது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கொழுப்பு பெரும்பாலும் வடியும். ஒரு முறை திருப்பி அனுப்பிய கொடையாளரைச் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்து ஏற்றுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். மறு பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்டீர்களா? கேளுங்கள். பட்டினி கிடக்காதீர்கள், அவசரமாகக் குறைத்தால் அதுவும் கல்லீரலுக்குக் கேடு.

---

கணக்குப்பிள்ளை

டீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கும் 38 வயதில் ரத்த அழுத்த மாத்திரை. நாள் முழுக்க நாற்காலி. என் அலுவலகக் காப்பீடு அதற்குப் பணம் கட்டுகிறது, நான் அதைத் தவறாக நினைத்ததே இல்லை.

என் கருத்தில் ஒரு பாதியை விட்டுவிடுகிறேன். நோயாளியிடம் பங்கு கேட்பது நடக்காது, கேட்கவும் கூடாது. செவிலியர் சகோதரி எழுதிய எறும்பும் மருத்துவர் எழுதிய ஆணியும் போதும். மறு பாதியை விடமாட்டேன். யாராவது பொறுப்பேற்க வேண்டும். விற்பவர் ஏற்கட்டும். தாய்லாந்தில் 2001இல் சட்டம் போட்டு, மது, புகையிலை மீதான வரியோடு கூடுதலாக 2 சதவீதம் வாங்கி, அதை நேராக உடல்நல மேம்பாட்டு நிதியத்துக்குக் கொடுக்கிறார்கள். அது பட்ஜெட்டில் கரைந்துபோவதில்லை. காசிமேடு சகோதரி சொன்ன 48,344 கோடியில் 2 சதவீதம் என்றால் சுமார் 967 கோடி ரூபாய். ஆண்டுதோறும். குடியை நிறுத்த உதவும் வார்டுகளுக்கும், கல்லீரல் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும், உறுப்பு மாற்றுக்கும் என்று அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் வைத்தால் டீச்சரின் தங்கைக்கும் பயன், துறைமுகத்துக் கூலிக்கும் பயன். வரவு எந்தத் தலைப்பில் வந்ததோ, செலவும் அதே தலைப்பில் தெரிய வேண்டும். தணிக்கையாளன் கேட்கக்கூடியது அதுதான்.

---

இரவுப்பணி

தனிக் கணக்கு வந்தால் முதலில் ஆட்களைக் கொடுங்கள் அண்ணா. எங்கள் வார்டில் குடியை நிறுத்த விரும்பி வருபவரோடு உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். காமாலை தெளிந்து, கை நடுக்கம் நின்று, "இனித் தொடமாட்டேன் சிஸ்டர்" என்று அவர்கள் சொல்வது டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாலை. அந்த மாலையில் பேச ஆள் வேண்டும். மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடை இருக்கிறது.

---

காசிமேடு மகள்

967 கோடி வேண்டும். அதோடு கடை நேரத்தைக் குறைப்பதும், கடை எண்ணிக்கையைக் குறைப்பதும் வேண்டும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது எங்கள் பகுதியில் ஒன்று போனது. அந்தத் தெருவில் இப்போது பெண்கள் இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிறார்கள். முன்பு எட்டு மணிக்கே கதவைச் சாத்துவோம்.

கணக்குப்பிள்ளை அண்ணா, பாதி விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. மீதிப் பாதியில் நான் உங்களோடு நிற்கிறேன்.

---

ஆற்றங்கரை டீச்சர்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். இழை கீழே போய்விட்டது, இருந்தாலும் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஐயா சொன்னபடி மருத்துவமனையில் கேட்டேன். எடை குறைந்தால் மறு ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆற்றங்கரையில் நடக்கிறேன். போக ஒரு மணி நேரம் ஆகாது, வர ஒரு மணி நேரம் ஆகும், முழங்கால் வலிக்கிறது. இரவுச் சோறு ஏழு மணிக்குள், பாதி அளவு. ஆசிரியர் அறையில் பஜ்ஜித் தட்டு என் பக்கம் வருவதில்லை, தலைமையாசிரியரே தடுத்துவிடுகிறார். இன்று காலை 70 கிலோ 400 கிராம்.

அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். அவர் கணவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு மருந்துப் பையை மடியில் வைத்துப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். குடியை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறதாம். என் தங்கை உட்கார இடமில்லாமல் நின்றபோது எழுந்து இடம் கொடுத்தவர் அவர்தான். தங்கை உட்கார்ந்துகொண்டு அவரிடம் தழும்பு இன்னும் வலிக்கிறதா என்று கேட்டாள். இருமினால் வலிக்கிறது, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

வரும் வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன்.